தோலுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர்

ஜெர்மன் மொழியில் ஒரு சின்னஞ்சிறு சொல் இருக்கிறது. ‘ஹவுட்’ என்பது அந்தச் சொல். ஜெர்மானியர் அதை நான்கே எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். தோல் என்பது அதன் அர்த்தம்.

தோலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? நிறைய இருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்குள் எண்ணூறு ஆண்டுப் பழமையான ஒரு சட்டம் ஒளிந்திருக்கிறது. ஒரு மாவீரனின் மரணம் இருக்கிறது. ஏழு ஆண்டு குளிக்காமல் இருந்த ஒரு சிப்பாயின் கதை இருக்கிறது. நம் தரங்கம்பாடியில் வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடக்கமான ஒரு பாதிரியாரின் பெயரும் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்தான்!

மூடுவதா, உரிப்பதா?

முதலில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மானியர் தோலை ‘ஹூட்’ என்று சொன்னார்கள். நாளடைவில் ‘ஊ’ என்ற ஓசை ‘அவு’ என்று மாறியது. இந்தச் சொல் மட்டும் அப்படி மாறவில்லை. வீட்டுக்குப் பழைய பெயர் ‘ஹூஸ்’, இப்போது ‘ஹவுஸ்’. எலிக்குப் பழைய பெயர் ‘மூஸ்’, இப்போது ‘மவுஸ்’. அதே வரிசையில் ‘ஹூட்’ என்பதும் ‘ஹவுட்’ ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் மாட்டுத் தோலை ‘ஹைட்’ என்கிறார்கள் அல்லவா? அது இந்த ஹவுட்டுக்கு உடன்பிறந்த சொல். லத்தீன் மொழியில் தோலுக்கு ‘குட்டிஸ்’ என்று பெயர். அதுவும் இதே குடும்பம்தான். ‘கு’ எங்கே, ‘ஹ’ எங்கே என்று கேட்கலாம். அதற்கு ஒரு விதி இருக்கிறது. லத்தீன் மொழியில் ‘க’ ஓசையோடு தொடங்கும் பல சொற்கள் ஜெர்மன் மொழியில் ‘ஹ’ ஓசையோடு தொடங்கும். கொம்புக்கு லத்தீனில் ‘கொர்னு’, ஜெர்மனில் ‘ஹொர்ன்’. நாய்க்கு அங்கே ‘கானிஸ்’, இங்கே ‘ஹுண்ட்’. நூறுக்கு அங்கே ‘கென்டும்’, இங்கே ‘ஹுண்டர்ட்’. இந்த ஓசை மாற்றங்களை ஒழுங்குபடுத்தி 1822-ல் எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர். அண்ணன் தம்பி இருவராகச் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார்களே, அந்தக் கிரிம் சகோதரர்களில் மூத்தவர் இவர்.

லத்தீனிலிருந்து ஜெர்மன் பிறந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்மொழியில் இந்தச் சொல்லுக்கு வேராக இருந்தது என்ன? ‘மூடுதல், போர்த்துதல்’ என்ற பொருள் கொண்ட ஒரு வேர்ச்சொல் என்று மொழி அறிஞர்கள் கூறுகிறார்கள். ஆகவே ஹவுட் என்றால் ‘மூடி இருப்பது’.

அதே வேரிலிருந்து இன்னும் பல சொற்கள் கிளைத்திருக்கின்றன. தானியத்தை மழைக்கு நனையாமல் வைக்கும் களஞ்சியத்துக்கு ஜெர்மனில் ‘ஷொய்ன’ என்று பெயர். அது இந்த வேர்தான். ஆங்கிலத்தில் வானத்துக்கு ‘ஸ்கை’ என்று சொல்கிறார்களே, அதற்கு ஆதியில் மேகம் என்று பொருள். அதுவும் இந்த வேர்தான். ‘ஹவுஸ்’ என்ற வீட்டையும் இதே குடும்பத்தில் சேர்க்கும் அறிஞர்கள் உண்டு. உடம்பை மூடுவது தோல். குடும்பத்தை மூடுவது வீடு. உலகத்தை மூடுவது வானம். எவ்வளவு அழகான உறவு, பாருங்கள்!

எல்லா மொழிகளும் இப்படி நினைக்கவில்லை. கிரேக்க மொழியில் தோலுக்கு ‘டெர்மா’ என்று பெயர். தோல் வைத்தியத்துக்கு டாக்டர்கள் சொல்லும் ஆங்கிலப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லுக்கு வேர் ‘உரித்தல்’. ஆங்கிலத்தின் ‘ஸ்கின்’ என்ற சொல்லும் அப்படியே. அதன் ஜெர்மன் உறவு ‘ஷிண்டன்’; தோலை உரிப்பது, வதைப்பது என்று அதற்குப் பொருள். தமிழிலும் ‘உரி’ என்ற பெயர்ச்சொல்லுக்குத் தோல், மரப்பட்டை என்ற பொருள் உண்டு. ராமன் காட்டுக்குப் போகும்போது உடுத்திய மரவுரி நினைவுக்கு வருகிறதா?

ஆக, வேட்டையாடிய மனிதன் இறந்த மிருகத்தைப் பார்த்து ‘உரிக்கப்படுவது’ என்று தோலுக்குப் பெயர் வைத்தான். இன்னொரு மனிதன் உயிரோடு இருக்கும் உடம்பைப் பார்த்து ‘மூடிக் காப்பது’ என்று பெயர் வைத்தான். ஹவுட் என்பது இந்த இரண்டாம் மனிதன் வைத்த பெயர்.

ஒரு தோலுக்குப் பல பெயர்

தமிழில் மனிதனுக்கும் தோல்; வாழைப்பழத்துக்கும் தோல்; செருப்பு தைப்பதும் தோல். ஜெர்மன் மொழியில் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர்.

மனிதனுக்கு இருப்பது ஹவுட். ரோமம் உள்ள மிருகத்துக்கு இருப்பது ‘ஃபெல்’. பதனிட்டு, செருப்புக்கும் பைக்கும் ஆகிவிட்டால் அது ‘லேடர்’. பழத்துக்கு இருப்பது ‘ஷாலெ’. வேகவைத்த உருளைக்கிழங்கின் மெல்லிய தோல் ‘பெல்லெ’. பன்றியின் தடித்த தோல் ‘ஷ்வார்ட்டெ’.

இந்த ஃபெல் என்ற சொல்லை வைத்து ஒரு பழமொழி உண்டு. ஒருவனுடைய நம்பிக்கையெல்லாம் பாழாகிவிட்டால், ‘அவனுடைய தோல்கள் நீந்திப் போகின்றன’ என்பார்கள். அந்தக் காலத்தில் தோல் பதனிடுவோர் ஆற்றங்கரையில் தோல்களை அலசுவார்கள். கை தவறினால் வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும். போவது தோல் மட்டுமா? பல நாள் உழைப்பும் முதலும் அதோடு போய்விடும். அந்த ஏழைத் தொழிலாளியின் தவிப்பு இன்னும் அந்தப் பழமொழியில் இருக்கிறது.

தரங்கம்பாடிப் பாதிரியார்

தோலுக்கு இன்னொரு ஜெர்மன் சொல் ‘பால்க்’. மிருகத்தின் உடலிலிருந்து கிழிக்காமல், பை போல முழுதாக உரித்தெடுக்கும் தோல் அது. கொல்லன் பட்டறைத் துருத்திக்கு ஜெர்மனில் ‘ப்ளாஸபால்க்’ என்று பெயர். ‘ஊதுகிற தோல்’ என்று அர்த்தம்.

ஆட்டுக்கு ஜெர்மன் மொழியில் ‘ட்ஸீகெ’ என்பார்கள். வெள்ளாடு என்று பொருள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ட்ஸீகன்பால்க்! ஆம், நாம் சீகன்பால்க் ஐயர் என்று சொல்கிறோமே, அவருடைய குடும்பப் பெயர்தான் இது. பிரித்துப் பார்த்தால் ‘வெள்ளாட்டுத் தோல்’ என்று அர்த்தம் வருகிறது.

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682-ல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715-ல் அச்சிட்டு முடித்தார். 1719-ல், நாற்பது வயதுகூட ஆகாமல், தரங்கம்பாடியிலேயே காலமானார். அவர் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

கண்ணிலும் தோல், பாலிலும் தோல்

ஜெர்மானியர் உடம்பின் பாகங்களுக்கு எளிய சொற்களைச் சேர்த்தே பெயர் வைத்துவிடுவார்கள். லத்தீன் படிக்காத குடியானவனுக்கும் அது புரியும். தோல் டாக்டருக்கு ‘ஹவுட் வைத்தியர்’ என்றே பெயர்.

தோலுக்கு மூன்று அடுக்குகள் உண்டு அல்லவா? மேலே இருப்பதற்கு ‘மேல் தோல்’ என்று பெயர். அடியில் இருப்பதற்கு ‘அடித் தோல்’. நடுவில் இருப்பதற்கு என்ன பெயர் தெரியுமா? ‘லேடர் ஹவுட்’, அதாவது ‘பதனிட்ட தோலாகும் தோல்’. மாட்டுத் தோலைப் பதனிடும்போது மேலேயும் கீழேயும் உள்ளதை நீக்கிவிட்டு, இந்த நடு அடுக்கைத்தான் பதனிடுகிறார்கள். தொழிலாளியின் அறிவு அப்படியே டாக்டரின் புத்தகத்துக்குள் போய்விட்டது!

கண்ணுக்குள் உருவம் விழும் திரைக்கு ‘வலைத் தோல்’ என்று பெயர். கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் படலத்துக்குக் ‘கொம்புத் தோல்’ என்று பெயர். மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப் போகிறதே, அந்தக் காய்ப்புக்கும் இதே ‘கொம்புத் தோல்’தான் பெயர். வாத்தின் கால் விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு ‘நீந்தும் தோல்’. காய்ச்சிய பாலின்மேல் படியும் ஆடை ‘பால் தோல்’. கப்பலுக்கும் விமானத்துக்கும் வெளிப்புறத் தகடு ‘வெளித் தோல்’.

ஒரு தோல் என்றால் ஹவுட். பல தோல் என்றால் ‘ஹொய்ட்டெ’. ‘இன்று’ என்பதற்கும் ஜெர்மனில் இதே உச்சரிப்புதான். எழுத்து வேறு, ஓசை ஒன்று. ஜெர்மன் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்!

தோலை விட்டு வெளியே

இனி வழக்கில் உள்ள பேச்சுகளைப் பார்ப்போம்.

குளிரிலோ பயத்திலோ நமக்கு மயிர் கூச்செறிகிறது. ஜெர்மானியருக்கு அப்போது ‘வாத்துத் தோல்’ வருகிறது. இறகு பிடுங்கிய பெரிய வாத்தின் தோல் புள்ளி புள்ளியாக இருக்கும் அல்லவா? அதைப் பார்த்து வைத்த பெயர். பட்டினியால் மெலிந்தவனைப் பார்த்து நாம் ‘எலும்பும் தோலுமாக இருக்கிறான்’ என்கிறோம். அவர்கள் ‘தோலும் எலும்பும்’ என்கிறார்கள். வரிசைதான் மாறுகிறது, பட்டினி ஒன்றுதான்.

பொல்லாத கோபம் வந்துவிட்டால், ‘தோலை விட்டு வெளியே பாய்ந்துவிட்டான்’ என்பார்கள். ஆனால் ஒருவனுடைய பிறவிக் குணம் மாறாது என்று சொல்ல, ‘தன் தோலை விட்டு அவனால் வெளியே வர முடியாது’ என்பார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். கோபத்தில் தோலை விட்டுப் பாய்கிறவனும் கோபம் தணிந்ததும் அதே தோலுக்குள்தானே திரும்பி வர வேண்டும்?

ஆபத்திலிருந்து தப்பியவன் ‘முழுத் தோலோடு தப்பினான்’. பிறருடைய கஷ்டத்தைக் கண்டு, ‘உன் தோலுக்குள் இருக்க எனக்கு ஆசை இல்லை’ என்பார்கள். சூது வாது அறியாத நல்ல மனிதரைப் பற்றிச் சொல்ல ஒரு வழக்கு இருக்கிறது: ‘அவர் ஒரு நேர்மையான தோல்’. நாம் ‘நல்ல ஜீவன்’ என்கிறோம். அவர்களுக்குத் தோல் என்றாலே ஆள், உயிர் என்று பொருள் விரிந்துவிட்டது.

வேலை செய்யாமல் சோம்பிக் கிடப்பதை ‘சோம்பேறித் தோலில் படுத்திருப்பது’ என்பார்கள். பழங்கால ஜெர்மானியர் கரடித் தோலை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள் என்றும், ரோமாபுரி ஆசிரியர் டாசிட்டஸ் அப்படி எழுதியிருக்கிறார் என்றும் பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. டாசிட்டஸ் கி.பி. 98-ல் எழுதிய நூலில், போர் இல்லாத நாட்களில் அவர்கள் உண்பதிலும் உறங்குவதிலும் பொழுதைக் கழித்தார்கள் என்றுதான் இருக்கிறது. கரடித் தோலைப் பிற்காலத்தார் விரித்துப் போட்டுவிட்டார்கள்!

தோலும் முடியும்

ஒன்றையும் மிச்சம் வைக்காமல் முழுவதும் என்று சொல்ல, ‘தோலோடும் முடியோடும்’ என்பது ஜெர்மன் வழக்கு. ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தோலோடும் முடியோடும் விழுங்கியது என்று குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். ஆனால் இந்தச் சொற்றொடருக்கு இன்னொரு முகம் உண்டு. பழைய காலத்தில் இது ஒரு தண்டனையின் பெயர்!

ஏறக்குறைய 1220-லிருந்து 1235-க்குள் எய்கெ ஃபான் ரெப்கோ என்பவர் சாக்சனி மக்களின் வழக்கச் சட்டங்களைத் தொகுத்து எழுதினார். ‘சாக்சன்ஷ்பீகல்’ என்பது அந்த நூலின் பெயர். சாக்சனியரின் கண்ணாடி என்று அர்த்தம். அதில் சிறு திருட்டுக்கு ‘தோலுக்கும் முடிக்கும்’ தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது. குற்றவாளியின் முதுகுத் தோல் உரியும்படி பிரம்படி. தலைமுடியை வெட்டி அவமானம். பெரிய திருட்டுக்கோ தூக்கு.

அதே நூலில் இன்னொரு விதி இருக்கிறது. உயிருள்ள சிசுவை வயிற்றில் சுமக்கும் பெண் எந்தக் குற்றம் செய்திருந்தாலும், தோலுக்கும் முடிக்கும் மேலே அவளைத் தண்டிக்கக் கூடாது. அவள் உயிரை எடுத்தால் பாவம் அறியாத இன்னோர் உயிரும் போகும் அல்லவா? கொடுமை மிகுந்த அந்தக் காலத்திலும், ‘இதற்கு மேலே போகாதே’ என்று சட்டம் கோடு போட்டது. அந்தக் கோட்டுக்கு எல்லைக்கல்லாக நின்றது இந்த ஹவுட் என்ற சொல்.

இலை விழுந்த இடம்

ஜெர்மானியரின் புகழ்பெற்ற வீரகாவியம் ‘நிபெலுங்கன்லீட்’. அது கி.பி. 1200-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதன் நாயகன் சீக்ஃப்ரீட். அவன் ஒரு பறவை நாகத்தைக் கொன்று அதன் ரத்தத்தில் குளித்தான். அவன் தோல் கொம்பு போல் கடினமாகிவிட்டது. வாளும் வேலும் அதில் பாயாது.

ஆனால் குளிக்கும்போது ஒரு மரத்து இலை அவன் தோள்களுக்கு நடுவே வந்து விழுந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் ரத்தம் படவில்லை. துரியோதனனுக்குத் தொடை போல, சீக்ஃப்ரீட்டுக்கு முதுகில் அந்த ஒரு சிறு இடம்.

அவன் மனைவி கிரீம்ஹில்டுக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும். ஹாகன் என்பவன் அவளிடம் நயமாகப் பேசினான். ‘போரில் நான் உன் கணவனைக் காக்கிறேன், எந்த இடம் என்று சொல்’ என்று கேட்டான். அவளும் நம்பினாள். கணவனுடைய உடையில் அந்த இடத்துக்கு மேலே சிறிய சிலுவை அடையாளம் தைத்து வைத்தாள். வேட்டைக்குப் போன இடத்தில், சீக்ஃப்ரீட் ஊற்றில் குனிந்து தண்ணீர் குடித்தபோது, அந்தச் சிலுவையைக் குறிவைத்து ஹாகன் ஈட்டியை எறிந்தான். வீரன் மடிந்தான். காக்க வேண்டும் என்று மனைவி தைத்த தையலே கணவனுக்கு எமன் ஆயிற்று!

கரடித் தோல் சிப்பாய்

கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ‘கரடித் தோலன்’ என்று ஒரு கதை உண்டு. போர் முடிந்து வேலை போன ஒரு சிப்பாயைச் சொந்தச் சகோதரர்களே வீட்டில் சேர்க்கவில்லை. வழியில் சாத்தான் வந்தான். ‘ஏழு ஆண்டு நீ குளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. இந்தக் கரடித் தோல்தான் உனக்குப் போர்வையும் படுக்கையும். அதுவரை உன் பையில் பணம் குறையாது’ என்றான். சிப்பாய் ஒப்புக்கொண்டான்.

சில ஆண்டுகளில் அவனைப் பார்த்தவர்கள் ஓடினார்கள். ஆனால் அவன் ஏழைகளுக்கு வாரி வழங்கினான். கடனில் தவித்த ஒரு கிழவரைக் காப்பாற்றினான். கிழவர் நன்றியோடு தம் மூன்று பெண்களில் ஒருத்தியைத் தருவதாகச் சொன்னார். மூத்தவள் பார்த்ததும் அலறி ஓடினாள். அடுத்தவள் கேலி செய்தாள். கடைசிப் பெண் மட்டும், ‘அப்பாவை ஆபத்தில் காத்தவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும்’ என்று சம்மதித்தாள். அவன் ஒரு மோதிரத்தை இரண்டாக்கிப் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஏழு ஆண்டும் முடிந்து, அழகிய வாலிபனாகத் திரும்பி வந்து அவளையே மணந்தான். தோலைப் பார்த்தவர்கள் இழந்தார்கள். தோலைத் தாண்டிப் பார்த்தவள் பெற்றாள்.

சந்தைக்குப் போன தோல்

ஒருவன் தன்னையே பணயம் வைத்து ஆபத்தில் இறங்கினால், ‘தன் தோலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறான்’ என்று ஜெர்மானியர் சொல்வார்கள். இந்த வழக்கைக் கார்ல் மார்க்ஸ் தம்முடைய ‘மூலதனம்’ என்ற நூலில் கையாண்டிருக்கிறார். அதன் முதல் பாகம் 1867-ல் ஹாம்பர்க் நகரில் வெளிவந்தது. விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத தொழிலாளியை, சொந்தத் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தவனுக்கு அவர் ஒப்பிடுகிறார். சந்தைக்கு வந்த தோலுக்கு அடுத்தபடி என்ன? பதனிடும் தொட்டிதானே!

தோல் நிறப் பென்சில்

நெடுங்காலமாக ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் படம் வரையும் குழந்தைகள், ‘தோல் நிறப் பென்சிலைக் கொடு’ என்று பக்கத்துக் குழந்தையிடம் கேட்பது வழக்கம். கேட்பது வெளிறிய ரோஜா நிறப் பென்சிலை. எல்லோருக்கும் புரியும்; யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஆனால் அதே வகுப்பில் கறுப்பு நிறக் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தால்? மாநிறக் குழந்தை உட்கார்ந்திருந்தால்? தன் அம்மாவை வரைய அந்தக் குழந்தை எடுக்கும் பென்சிலுக்கு ‘தோல் நிறம்’ என்ற பெயர் இல்லையே! தன் அம்மாவின் தோல் தோல் இல்லையா என்று அந்தப் பிஞ்சு மனம் கேட்காதா? ஒரு சொல் சத்தம் இல்லாமல் ஒரு குழந்தையை வெளியே தள்ளிவிடுகிறது. இதை உணர்ந்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் இப்போது கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். வெளிறிய நிறம் முதல் கருநிறம் வரை பல தோல் நிறங்கள் கொண்ட பென்சில் பெட்டிகள் இன்று ஜெர்மனியில் விற்பனையாகின்றன.

வளர்ந்த மனிதனின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். அதன் மேல் அடுக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. கறுப்போ சிவப்போ, வெயிலிலிருந்தும் கிருமியிலிருந்தும் உள்ளே இருப்பவரைக் காப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையைப் பார்த்துத்தான் பழங்கால மனிதன் அதற்கு ‘மூடிக் காப்பது’ என்று பெயர் வைத்தான். நிறத்தைப் பார்த்து அவன் பெயர் வைக்கவில்லை.